கயிற்றின் கடைசி முனை

திடீர் மரண விசாரணை அதிகாரி அவர்களுக்கு,

எனது முழுப்பெயர் செல்வநாயகம் அருந்ததி. வயது பதினேழு. சொந்த இடம் இரணைமடுக் குளத்துக்குக் கீழே உள்ள குடியேற்றத் திட்டம். 1996ஆம் ஆண்டு இடம்பெயர்ந்து, இப்போது கிளிநொச்சி மாவட்டம் ஸ்கந்தபுரத்தில் வாய்க்கால் ஓரமாக, உறவினர் ஒருவரின் காணியில் கொட்டில் போட்டு இருக்கிறோம். தகப்பனார் பெயர் செல்வநாயகம், தொழில் கமம். தாயார் பெயர் விமலேஸ்வரி. நான் உயர்தர வகுப்பில் முதலாம் ஆண்டு உயிரியல் படிக்கிறேன். இம்மாதம் ஏழாம் திகதி இறந்த செல்வநாயகம் மேனுகா, வயது பத்து, எனது கூடப்பிறந்த தங்கை. எங்களுக்கு வேறு சகோதரர் இல்லை.

கடந்த திங்கட்கிழமை, 1999 பெப்ரவரி 8ஆம் திகதி காலை, ஆசுப்பத்திரி விறாந்தையில் நான் உங்களுக்கு ஒரு வாக்குமூலம் தந்து கையொப்பம் வைத்தேன். அதில் என் பெயர், வயது, விலாசம், தங்கையின் பெயர் ஆகியவை உண்மை. மற்றவை உண்மையில்லை. நாளை வெள்ளிக்கிழமை காலை பத்து மணிக்குப் பொதுநோக்கு மண்டபத்தில் நீங்கள் முடிவு சொல்வீர்கள் என்றும், என் வாக்குமூலம் ஒன்றே கண்ட சாட்சி என்றும், அதை வைத்து ராசு என்பவரை வழக்குக்கு அனுப்புவார்கள் என்றும் அப்பா அம்மாவுக்குச் சொன்னதை நான் கேட்டேன். ஆகவே முதல் தந்ததை விட்டுவிட்டு இதை எடுக்கும்படி கேட்கிறேன். கேட்டு எழுத ஒருவரும் இல்லாதபடியால் நானே எழுதுகிறேன். அப்பாவும் அம்மாவும் தட்டிக்கு அந்தப் பக்கம் படுத்திருக்கிறார்கள். யாராவது இருமினால் விளக்கை ஊதி அணைத்துவிட்டு, சத்தம் அடங்கிய பிறகு எழுதுகிறேன். சில இடங்களில் எழுத்து வரியை விட்டு விலகியிருப்பது அதனால்தான்.

ராசு என்பவரைப் பற்றி முதலில் சொல்ல வேண்டும். அவருக்கு ஐம்பத்திரண்டு வயது இருக்கும். மலைநாட்டுத் தேயிலைத் தோட்டம் ஒன்றிலிருந்து 77ஆம் ஆண்டுக் கலவரத்தில் வன்னிக்கு வந்தவர். மனைவி இறந்துவிட்டார். பன்னிரண்டு வருடமாக எங்கள் வயலில் வேலை செய்கிறார். நாங்கள் இடம்பெயர்ந்தபோது எங்கள் சாமான்களை ஏற்றிய வண்டிலுக்குப் பின்னால் நடந்து வந்து, இந்தக் காணியின் வேலி மூலையில் தனக்கும் ஒரு கொட்டில் போட்டுக்கொண்டார். அவர் என்னைப் பெரிய பாப்பா என்றும் மேனுகாவைச் சின்னப் பாப்பா என்றும் கூப்பிடுவார். நாங்கள் எல்லோரும், மேனுகா உட்பட, அவரை ராசு என்றே கூப்பிடுவோம். அவருக்குத் தேத்தண்ணீர் கொடுப்பதற்கு வேறொரு கோப்பை எங்கள் குசினித் தட்டியில் சொருகியிருக்கும்.

இனி நடந்தவற்றை நடந்தபடி சொல்கிறேன்.

தைப்பொங்கலுக்கு மறுவாரம் திங்கட்கிழமை எங்கள் பாடசாலையில் ரஜிதா ரீச்சர் சமிபாட்டுத் தொகுதி படிப்பித்தார். மாதிரிகள் ஒன்றும் இல்லாதபடியால் பாடசாலைக் கிணற்றின் பழைய கயிற்றில் ஆறு மீற்றர் அளந்து வெட்டி, மரத்தின் கீழே எங்களை வரிசையாக நிறுத்திப் பிடிக்கச் சொன்னார். முதல் ஒரு முழத்துக்கும் குறைவான துண்டு முன்சிறுகுடல், அதற்கடுத்தது நடுத்துண்டு, மீதி, பாதிக்கும் மேலே, முழுவதும் கடைசித் துண்டாகிய சுருட்குடல். அதன் முனை வயிற்றின் வலது பக்கம் கீழே வந்து, பெருங்குடல் தொடங்கும் இடத்தில், ஒரு வழியாக மட்டும் திறக்கும் வாயிலோடு பொருந்தும். முனையை நான் பிடித்திருந்தேன். ரீச்சர் என் கையைக் காட்டி, “இது கடைசியிலை நிக்கிறதெண்டு நினையாதேங்கோ. மேலை தவறவிட்ட சத்தையெல்லாம் பொறுக்கி எடுக்கிறது இதுதான். இதிலை தவறினால் பிறகு எடுக்க இடமில்லை” என்றார். அன்று பின்னேரம் வீட்டில் இதை மேனுகாவுக்குச் சொன்னேன். அவள், “உன்ரை வயித்துக்கை கிணத்துக் கயிறோ? அப்ப வாளி எங்கை, டொக்டர் அக்கா?” என்று கேட்டு, சாப்பிட்டு முடியும்வரை சிரித்தாள்.

மறுநாள், ஜனவரி 19ஆம் திகதி செவ்வாய்க்கிழமை மேனுகாவுக்குத் தலையிடியும் காய்ச்சலும் வந்தது. மார்கழி மழையில் வாய்க்கால் உடைத்து எங்கள் கிணற்றுக்குள் வெள்ளம் போயிருந்தது. அந்தத் தண்ணீரைக் கொதிக்கவைத்துத்தான் குடித்தோம், ஆனால் விறகு நனைந்த நாட்களில் அப்படியே குடித்தோம். காய்ச்சல் ஒவ்வொரு நாளும் முதல்நாளைவிடக் கொஞ்சம் கூடியது. இரவில் அவள் கை போர்வையின் நூலைப் பிடுங்கிக்கொண்டே இருக்கும்.

25ஆம் திகதி திங்கட்கிழமை அப்பா அவளைச் சைக்கிளில் வைத்துத் தள்ள, நான் பின்னால் பிடித்துக்கொண்டு, ஆசுப்பத்திரிக்குப் போனோம். வாசலில் சைக்கிளை விட்டுவிட்டு வர முடியாதென்று அப்பா வெளியே நின்றார். ஆகவே அப்போதிக்கரி யோகலிங்கம் ஐயா அவளைப் பார்த்தபோது உள்ளே நின்றது நான் மட்டும். அவர் நாக்கைப் பார்த்து, வயிற்றை அமத்திப் பார்த்து, நெருப்புக்காய்ச்சல், அதாவது தைபொயிட் என்றார். ஆறு நாளைக்குத்தான் குளிசை இருக்கிறது, முடிய வந்து பாருங்கோ என்றார். நான் உயிரியல் படிக்கிறேன் என்று மேனுகாதான் அவருக்குச் சொன்னாள். அதன் பின்னர் அவர் மருந்துத் துண்டின் பின்பக்கத்தில் பென்சிலால் குடலின் கடைசித் துண்டையும் குருட்டுக்குடலையும் குடல்வளரியையும் கீறினார். பெருங்குடலில் சேரும் இடத்துக்குக் கிட்ட நான்கைந்து நீட்டு வட்டங்கள் போட்டு, எனக்குச் சொன்னார்:

“இந்த இடத்திலை காவலுக்கு நிக்கிற திட்டுகள் இருக்கு, பிள்ளை. சாப்பாட்டோடை வாற கிருமியைப் பிடிக்கிறது அதுகள்தான். இந்தக் காய்ச்சல் கிருமி அந்தக் காவலுக்குள்ளையே பூந்து குடியிருக்கும். இரண்டாம் கிழமை அதிலை புண். மூண்டாம் கிழமை புண் கழண்டு குடல் கடுதாசி மாதிரி நிக்கும். காய்ச்சல் விட்டாலும் குடல் தேறேல்லை எண்டு நினைச்சுக்கொள். கஞ்சி, இளநீர், மோர். வயிறு ஊதினாலும், வெளியாலை போகாட்டிலும், பேதி கீதி குடுத்துப் போடாதேங்கோ. ஆமணக்கெண்ணெய்ப் போத்தலைப் பிள்ளைக்குக் கிட்டவும் கொண்டு போகக்கூடாது. விளங்குதோ?”

நான் ஓம் என்றேன். அந்தத் துண்டை நான் உயிரியல் கொப்பிக்குள் வைத்தேன். வீட்டுக்கு வந்து அம்மாவிடம் கஞ்சியும் இளநீரும் மட்டும் கொடுக்க வேண்டும் என்பதைச் சொன்னேன். பேதி கொடுக்கக் கூடாதென்பதையும் சொன்னேன். அம்மா அடுப்புக்கு முன்னால் இருந்து ஊதிக்கொண்டிருந்தார். கேட்டாரோ தெரியாது. நான் திரும்பச் சொல்லவில்லை.

ஆறு நாள் குளிசையில் காய்ச்சல் குறைந்தது. முடிந்து அப்பா போய்க் கேட்டபோது குளிசை வந்து சேரவில்லை, அடுத்த கிழமை வரக்கூடும் என்று சொன்னதாக வந்து சொன்னார். இந்த நாட்களில் மேனுகாவுக்குப் பசி வந்துவிட்டது. கஞ்சிக் கோப்பையைப் பிடித்துக்கொண்டு, “இது தோசை. இது சம்பல். இது இன்னொரு தோசை” என்று சொல்லிச் சொல்லிக் குடிப்பாள். “எடி, ஒரு கோப்பைக்கை எத்தினை தோசை?” என்று அம்மா கேட்டதற்கு, “நீங்கள் சுட்டால் ஏன் நான் எண்ணப் போறன்” என்றாள். அம்மா அன்றைக்கு ஒருமுறை சிரித்தார்.

பெப்ரவரி 2ஆம் திகதியளவில் மறுபடி காய்ச்சல் கூடியது. வயிறு ஊதியது. நான்கு நாளாக அவளுக்கு மலம் போகவில்லை. வலது பக்கம் கீழே கையை வைத்து, “அக்கா, என்ரை கயிறு நோகுது” என்று சொன்னாள். அவள் கை வைத்த இடம் சரியான இடம். நான் அதை அறிந்திருந்தேன்.

4ஆம் திகதி வியாழக்கிழமை பின்னேரம் ராசு ஒரு போத்தலில் கொத்தமல்லி அவித்த தண்ணீர் கொண்டுவந்து வாசலில் வைத்தார். அம்மா அதில் இரண்டு வாய் மேனுகாவுக்குக் கொடுத்தார். மீதியை நான் குடித்தேன். அதில் கொத்தமல்லியைத் தவிர வேறொன்றும் இருக்கவில்லை. முதல் வாக்குமூலத்தில் ராசு கொண்டுவந்த மருந்து என்று நான் சொன்னது இந்தப் போத்தலைத்தான்.

எங்கள் வீட்டில் ஒரு வழக்கம் உண்டு. பாடசாலை விடுமுறை ஒவ்வொன்றிலும் ஒருநாள் பேதி குடிக்கிற நாள். விடியற்காலையில் வெறுவயிற்றில் சுடுகோப்பியோடு ஆமணக்கெண்ணெய் தருவார்கள். அன்று முழுவதும் வளவுக்குப் பின்னால் ஓடித்திரிந்து, மத்தியானம் தேசிக்காய் தேய்த்துக் குளித்து, மோர்ச்சோறு சாப்பிட வேண்டும். அப்பாவுக்கு அவருடைய தகப்பனார் யாழ்ப்பாணத்தில் இப்படிச் செய்தாராம். போன மார்கழி விடுமுறையில் வெள்ளத்தால் இது நடக்கவில்லை. வியாழக்கிழமை சாப்பிடும்போது அப்பா, “மார்கழிப் பேதி தப்பிப்போச்சு. வருசக் கழிவு முழுக்க உள்ளுக்கை தேங்கி நிக்குது. அதாலைதான் காய்ச்சல் திரும்பித் திரும்பி வருது. நாளைக்கு விடியக் குடுப்பம்” என்றார்.

வெளியே வேலிக் கதியாலுக்குக் கிட்டக் கோப்பை கழுவிக்கொண்டிருந்த ராசு இதைக் கேட்டுவிட்டு வாசலடிக்கு வந்தார். அவர் கொட்டிலுக்குள் வரும் வழக்கம் இல்லை. வாசலில் நின்றபடியே, “ஐயா, வேணாங்கய்யா. எங்க ஒத்தப் பையனுக்கு அப்ப ஏழு வயசு. தோட்டத்துல இதே காய்ச்சல்தாங்க. வயிறு ஊதியிருக்குன்னு நாங்கதான் வெளக்கெண்ண ஊத்துனோம். சாயங்காலத்துக்குள்ள வயிறு பலக மாதிரி ஆயிருச்சுங்க. அப்புறம் எந்திரிக்கவே இல்லிங்க” என்றார்.

அப்பா, “உன்ரை தோட்டத்துக் கதையை வயலுக்கை வைச்சுக்கொள். பிள்ளை வளக்கிறது எனக்கு நீயோ சொல்லித் தாறாய்?” என்றார்.

ராசு, “சொல்லித் தரலிங்க. கெஞ்சுறேங்க” என்றார்.

அப்பா எழும்பிக் கை கழுவினார். ராசு கொஞ்சநேரம் நின்றுவிட்டுப் போனார். நான் அங்கேதான் இருந்தேன். நான் வாய் திறக்கவில்லை. படித்த நான் சொல்ல வேண்டியதை ராசு சொல்லிவிட்டார் என்றும், அதையே நானும் சொன்னால் அப்பா ராசுவின் பேச்சைக் கேட்டதுபோல ஆகிவிடும், ஆகவே கட்டாயம் கொடுப்பார் என்றும் நினைத்தேன். இப்படி நினைத்ததை இப்போது எழுதிப் பார்க்கும்போது, பயத்துக்கு நான் போட்ட வேறு பெயர் என்று தெரிகிறது.

5ஆம் திகதி வெள்ளிக்கிழமை காலை ஐந்தரை மணியளவில் அம்மா கோப்பி போட்டார். அப்பா போத்தலை எடுத்துக் கொடுத்து, மேனுகாவின் கையைப் பிடிக்கும்படி எனக்குச் சொன்னார். நான், “அப்போதிக்கரி ஐயா பேதி வேண்டாம் எண்டவர்” என்று சொன்னேன். அப்பா, “அவரோ உனக்கு அப்பா? குளிசை குடுக்க வக்கில்லை, கதை மட்டும் இருக்கு. பிடி” என்றார். படம் கீறிய துண்டு என் கொப்பிக்குள், நான் இருந்த இடத்திலிருந்து மூன்று அடி தூரத்தில் இருந்தது. நான் எழும்பி அதை எடுக்கவில்லை. மேனுகா என் முகத்தைப் பார்த்து, “அக்கா, நீ சொல்லு. நீ படிச்சனிதானே. சொல்லு” என்றாள். நான் அவளுடைய இரண்டு கைகளையும் பிடித்தேன். கை சூடாகவும் மெல்லியதாகவும் இருந்தது. அம்மா மூக்கைப் பிடித்து, இரண்டு மேசைக்கரண்டி ஆமணக்கெண்ணெய் வாயில் விட்டார். நான் கண்ணை மூடிக்கொண்டேன். அதன் பின்னர் கோப்பி கொடுத்தார்கள். அதன் பின்னர் அம்மா சேலைத் தலைப்பால் அவளுடைய வாயைத் துடைத்து, “சரி, சரி, என்ரை செல்லம், முடிஞ்சுது” என்றார்.

காலை எட்டு மணிக்குப் பிறகு நான்கு தரம் வயிற்றால் போனது. கடைசித் தரம் கறுப்பாகப் போனது. அப்பா, “பாத்தியோ, எவ்வளவு அழுக்கு” என்றார். மத்தியானம் ஒருமணி இருக்கும், நான் பக்கத்தில் இருந்து விசிறிக்கொண்டிருந்தேன். மேனுகா திடீரென்று முழங்காலை மடக்கி, “கயிறு, அக்கா” என்றாள். அதற்கு மேலே சொல்லவில்லை. முகம் முழுக்க வியர்த்துக் காய்ச்சல் இறங்கியது. உடம்பு குளிர்ந்துவிட்டது, காய்ச்சல் விட்டுவிட்டது என்று அம்மா பிள்ளையாருக்குக் கற்பூரம் கொளுத்தப் போனார். நான் அவளுடைய வயிற்றில் கை வைத்தேன். அது பலகையாக இருந்தது.

நான் ஓடிப்போய் அப்பாவைக் கூப்பிடவில்லை, ராசுவைத்தான் கூப்பிட்டேன். அவர் வந்து அன்றைக்குத்தான் முதல்முறையாகக் கொட்டிலுக்குள் கால் வைத்தார். வயிற்றை விரலால் தொட்டுப் பார்த்துவிட்டு வெளியே ஓடினார். ஒரு மணித்தியாலத்துக்குப் பிறகு, மண்ணெண்ணெயில் ஓடும் ஒரு லான்ட்மாஸ்டரை, இரண்டு சக்கர உழவு இயந்திரத்தை, இழுவைப் பெட்டியோடு கொண்டுவந்தார். பெட்டிக்குள் வைக்கோல் போட்டு மேனுகாவைக் கிடத்தினோம். பாதை முழுவதும் வெள்ளம் அரித்த பள்ளம். ராசு அவளுக்குப் பக்கத்தில் குந்தி, தன் இரண்டு கைகளையும் அவளுடைய இடுப்புக்குக் கீழே கொடுத்து, ஒவ்வொரு பள்ளத்துக்கும் அவளைத் தூக்கிப் பிடித்துக்கொண்டே வந்தார். ஆசுப்பத்திரியில் இறக்கியபோது அவருடைய புறங்கை இரண்டும் பெட்டித் தகரத்தில் தேய்ந்து தோல் போயிருந்தது. திங்கட்கிழமை நீங்கள் அந்தக் கையைப் பார்த்து என்ன காயம் என்று கேட்டீர்கள். அவர் வேலையில் பட்டது என்று சொன்னார்.

அங்கே குடல் ஓட்டையாகியிருக்கும் என்றும், வெட்டித் தைக்க வேண்டும், அதற்கு வவுனியாவுக்குத்தான் அனுப்ப வேண்டும் என்றும் சொன்னார்கள். இராணுவ எல்லையைத் தாண்ட அனுமதியோடு வாகனம் போவது திங்கட்கிழமை. யோகலிங்கம் ஐயா ஊசியும் சேலைனும் ஏற்றினார். அதன் பின்னர் அவர் எங்கள் மூவரையும் பார்த்து, “பேதி குடுத்தனீங்களோ?” என்று கேட்டார். அம்மாவின் வாய் அசைந்தது, சத்தம் வரவில்லை. அப்பா, “நாங்கள் ஒண்டும் குடுக்கேல்லை. வளவிலை இருக்கிற ராசு ஏதோ அவிச்சுப் போத்திலிலை கொண்டுவந்து குடுத்தவன்” என்றார். யோகலிங்கம் ஐயா என்னைப் பார்த்தார். நான் சேலைன் துளி விழுவதைப் பார்த்துக்கொண்டிருந்தேன்.

சனிக்கிழமை முழுவதும் மேனுகா அரை நினைவாகக் கிடந்தாள். தண்ணீர் கேட்டாள், கொடுக்கக்கூடாது என்றபடியால் உதட்டைப் பஞ்சால் நனைத்தேன். ஞாயிற்றுக்கிழமை காலை நாலே முக்கால் மணிக்கு இறந்தாள். அப்பா அவளுடைய செருப்பு இரண்டையும் கையில் எடுத்து வைத்துக்கொண்டு, அன்று பின்னேரம் வரைக்கும் கீழே வைக்கவில்லை.

அன்றிரவு அப்பா எனக்குச் சொன்னதை அப்படியே எழுதுகிறேன். “பிள்ளை, நாளைக்கு உன்னைக் கேப்பினம். அம்மாவைக் கொண்டுபோய் அடைச்சால் அவள் செத்துப்போவாள். ஒண்டைக் குடுத்திட்டம், மற்றதையும் குடுக்க ஏலாது. ராசுவுக்கு ஆர் இருக்கினம்? அவனுக்காக அழ ஒரு சனமும் இல்லை.” இதைச் சொல்லும்போது அப்பா அழுதார். நான் சரி என்றேன்.

திங்கட்கிழமை நீங்கள் பிரேத பரிசோதனை முடிவை வாசித்தீர்கள். சிறுகுடலின் கடைசிப் பகுதியில், பெருங்குடலோடு சேரும் இடத்திலிருந்து ஐந்து அங்குலத்தில், பருப்பளவு துவாரம் ஒன்று, சுற்றிலும் நீள்வட்டப் புண்கள் என்று இருந்தது. யோகலிங்கம் ஐயா பென்சிலால் கீறிய இடமும் அதுதான். அதன் பின்னர் நீங்கள் என்னைக் கேட்டீர்கள். ராசு போத்தலில் மருந்து கொண்டுவந்து கொடுத்ததைக் கண்டேன், வீட்டில் வேறு எதுவும் கொடுக்கவில்லை என்று சொல்லிக் கையொப்பம் வைத்தேன். அப்பா எனக்குப் பின்னால் நின்றார்.

அன்று பின்னேரம் சுடலையில் மேனுகாவைப் புதைக்கக் கிடங்கு வெட்டியது ராசு. பாதி வெட்டியபோது பொலிசார் வந்து மண்வெட்டியை வைத்துவிட்டு வரும்படி சொன்னார்கள். எதற்காக என்று சொன்னபோது அவர் அப்பாவைப் பார்க்கவில்லை, என்னைத்தான் பார்த்தார். பிறகு அவர்களிடம், “இன்னும் ஒரு அடி இருக்குங்க. முடிச்சிட்டு வர்றேன். நாய் தோண்டிரும்” என்றார். அவர்கள் விட்டார்கள். அவர் ஒரு அடி வெட்டி, ஓரத்தைச் சமப்படுத்தி, மேலே ஏறி, கையைத் துடைத்துக்கொண்டு போனார். மூன்று நாளாக அவருடைய கொட்டில் படலை திறந்தபடி கிடக்கிறது. கோப்பை குசினித் தட்டியில் அப்படியே இருக்கிறது.

அம்மா மூன்று நாளாகத் தேத்தண்ணீரைத் தவிர ஒன்றும் எடுக்கவில்லை. இந்தக் கடிதத்தால் அவருக்கு என்ன நடக்கும் என்று எனக்குத் தெரியாது. அவர் தன் பிள்ளையைச் சுகப்படுத்தவே கொடுத்தார். குடலைப் பற்றி அவருக்கு ஒருவரும் படிப்பிக்கவில்லை. எனக்குப் படிப்பித்தார்கள், இரண்டு தரம். ஒரு தரம் கயிற்றில், ஒரு தரம் பென்சிலில். ஆகவே தண்டனை என்று ஒன்று இருந்தால் என் பெயரையும் அதில் எழுதிக்கொள்ளும்படி கேட்கிறேன்.

இவ்வளவும் எழுதி முடித்து, படம் உள்ள துண்டைக் கடைசித் தாளோடு குத்தூசியால் பொருத்திக்கொண்டிருந்தபோது அம்மா எழும்பி வந்தார். விளக்கை ஊதி அணைக்க எனக்கு நேரம் கிடைக்கவில்லை. என்ன எழுதுகிறாய் என்று கேட்டார். பாடம் என்றேன். அம்மா தாளை எடுக்கவில்லை, அந்தத் துண்டைத்தான் எடுத்தார். விளக்கில் பிடித்து நெடுநேரம் பார்த்தார்.

“இதுவோ குடல்?”

“ஓம்.”

“எந்த இடம்?”

நான் நீட்டு வட்டங்களைக் காட்டினேன். அம்மா தன் வயிற்றின் வலது பக்கத்தில் கீழே கையை வைத்து, “இதிலையோ?” என்றார். நான் அவருடைய கையைப் பிடித்து, இரண்டு விரற்கடை கீழே நகர்த்தி வைத்தேன். அம்மா அந்த இடத்தில் கையை வைத்தபடியே இருந்தார். பிறகு, “எழுதினதை வாசி. மெல்லமாய் வாசி, அப்பா முழிச்சிடுவார்” என்றார்.

வாசித்தேன். ராசு கிடங்கு வெட்டிய இடத்தில் நிறுத்தச் சொல்லி, பிறகு தொடரச் சொன்னார். முடிய, எத்தனை மணிக்கு என்று கேட்டார். பத்து என்றேன்.

“அப்ப எட்டுக்கு வெளிக்கிடவேணும். நீ அதை ரீச்சரிட்டைக் குடுத்தனுப்பத் தேவையில்லை. நான் கொண்டுவாறன்” என்றார். நான் ரீச்சரிடம் கொடுத்தனுப்ப நினைத்தது அவருக்கு எப்படித் தெரியும் என்று எனக்குத் தெரியாது. அவர் நாளைக்கு விடிந்ததும் இதே மனதோடு இருப்பாரோ என்றும் எனக்குத் தெரியாது. அவர் வராவிட்டாலும் நான் வருவேன்.

இதில் உள்ளவை நான் கண்டவை, கேட்டவை, செய்தவை, செய்யாமல் விட்டவை. எவரும் சொல்லித்தந்து எழுதவில்லை. எழுதி முடிந்தபின் ஒருவருக்கு முழுவதும் வாசித்துக் காட்டப்பட்டது. கேட்டவர் ஓர் இடத்தில் பிழை உண்டென்று சொன்னபடியால் அந்தத் திருத்தத்தைக் கீழே சேர்த்துக் கையொப்பம் வைக்கிறேன்.

1999 பெப்ரவரி 11
ஸ்கந்தபுரம்

இணைப்பு: பென்சில் படம் உள்ள மருந்துத் துண்டு ஒன்று.

திருத்தம்: ஆமணக்கெண்ணெய் இரண்டு மேசைக்கரண்டி என்று மேலே எழுதியிருப்பது பிழை. என் தாயார் சொன்னது: “மூண்டு, பிள்ளை. மூண்டாவதை நீ காணேல்லை. நீ கண்ணை மூடியிருந்தனி. அவள் உன்னைத்தான் பாத்துக்கொண்டு விழுங்கினவள்.”

மூன்று என்று வாசிக்கவும்.

செ. அருந்ததி